மேடையா, மெட்டா, வகுப்பா? சென்னை டிரம்மர் போடவேண்டிய கணக்கு

டிரம்ஸ் வாசிக்கத் தெரிந்தவர் சென்னையில் அதை வைத்தே சம்பாதிக்க மூன்று வழிகள் உண்டு. மேடையிலும் ஸ்டுடியோவிலும் வாசிக்கலாம், சொந்தமாக இசையமைக்கலாம், சொல்லிக்கொடுக்கலாம். ஐடி வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று யோசிக்கும் பையன்களும் பெண்களும் முதலில் கேட்பது, "மூணுல எதுல காசு?" நியாயமான கேள்விதான். ஆனால் காசைப் பார்ப்பதற்கு முன்னால் கடிகாரத்தையும் காலண்டரையும் பார்க்கச் சொல்வேன். எந்த வேலை நாளின் எந்த மணிநேரத்தை எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்தால், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் வாசிப்பு. எல்லோருக்கும் ஆசை இதில்தான்.

1980களில் சென்னையில் ஒரு டிரம்மருக்கு ரெக்கார்டிங் கால்ஷீட் கிடைத்தால் அது நிஜமான வாழ்க்கை. முழு வாத்தியக் குழுவும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்த காலம் அது. இளையராஜாவின் குழுவில் புருஷோத்தமன் பல ஆண்டுகள் வாசித்தார். சிவமணியின் அப்பா ஆனந்தனும் தாளவாத்தியக்காரர். வீட்டிலேயே பிடித்த தாளம்தான் மகனை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்புறம் தாளத்தை முன்கூட்டியே அடுக்கி வைத்து ஒலிக்க வைக்கும் கருவிகளான சீக்வென்சரும் சாம்பிளரும் வந்தன. 1992ல் 'ரோஜா' வந்தபிறகு கோடம்பாக்கத்தில் ரிதம் என்பது பெரும்பாலும் புரோகிராமிங் ஆகிவிட்டது. இதற்காக யாரையும் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஒரு கிட்டை, அதாவது முழு டிரம்ஸ் செட்டை, ஒழுங்காகப் பதிவு செய்ய நல்ல அறை வேண்டும், ஏழெட்டு மைக்காவது வேண்டும், கேட்டு மிக்ஸ் செய்ய ஆள் வேண்டும். வளசரவாக்கத்தில் ஒரு படுக்கையறையை ஸ்டுடியோவாக மாற்றி வேலை செய்கிற இசையமைப்பாளரிடம் இதெல்லாம் இருக்காது. கணினியில் நல்ல டிரம்ஸ் ஒலி தயாராக இருக்கிறது, போட்டுக்கொள்கிறார்.

ஆக, பாட்டுப் பதிவை நம்பி இன்றைக்கு ஒரு டிரம்மர் இறங்கக்கூடாது. வேலை இருப்பது மேடையில். புரோகிராம் செய்த பாட்டையே நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னால் வாசிக்கும்போது ஒரு மனிதர் கிட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாக வேண்டியிருக்கிறது. சினிமா இசையமைப்பாளர்கள் ஊர் ஊராக, நாடு நாடாக நேரடி நிகழ்ச்சி நடத்தத் தொடங்கியதில் டிரம்மருக்குப் புது வாசல் திறந்தது. ஆனால் அந்த நாற்காலிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். உட்கார்ந்தவர் சுலபத்தில் எழுந்திருக்கவும் மாட்டார்.

மற்றவர்களுக்குக் கிடைப்பது ரிசப்ஷன், கம்பெனி ஆண்டுவிழா, ஹோட்டல், கல்லூரி விழா, சர்ச். சர்ச் வாசிப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பெரம்பூர், ராயபுரம் பக்கம் வளர்ந்த டிரம்மர்கள் பலர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்தான் பாடகருக்கு இடம்விட்டு வாசிக்கக் கற்றார்கள். காசு குறைவு, பயிற்சி அதிகம்.

ரிசப்ஷன் ஷோ எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காக: மண்டபத்துக்கு 4 மணிக்குப் போகவேண்டும். மேடை மணமக்களுக்கு, குழுவுக்கு ஓர் ஓரம். கிட்டைப் பிரித்து மாட்டி, பாஸ் டிரம் வழுக்காமல் இருக்க அடியில் ஒரு பழைய கம்பளத்தைப் போட்டு, சவுண்ட் செக் முடிக்க 6 மணி. முதல் பாட்டிலேயே பெண்வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, "தம்பி, கொஞ்சம் சத்தம் கம்மியா வாசிங்க, பேசிக்க முடியல" என்பார். அரை மணிநேரம் கழித்து மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்து குத்துப்பாட்டுக்கு இன்னும் பலமாக அடிக்கச் சொல்வார்கள். இரண்டையும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வதும் தொழில்தான். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம் என்பதால் பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மண்டப மேனேஜர் கையைக் காட்டுவார். கழற்றி மூட்டை கட்டிவிட்டுப் பந்திக்குப் போனால் கடைசிப் பந்தி, பாயசம் தீர்ந்திருக்கும். காசு சில சமயம் அன்றைக்கே கவரில் வரும், சில சமயம் "நாளைக்கு ஜிபே பண்ணிடறேன்" என்று வரும்.

இதில் இன்னொரு விஷயம். கிட்டை ஏற்றிப்போக ஒரு டாடா ஏஸ் வேண்டும். தட்டினால் மின்னணு ஒலி தரும் பலகையான ரிதம் பேடை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போய்விடலாம். மண்டபத்தில் சத்தத்தைப் பொத்தானில் குறைத்துக்கொள்ளலாம். தபேலா, டோலக், தவில் ஒலியெல்லாம் அதிலேயே இருக்கிறது. மெல்லிசைக் குழுக்களில் பல இடங்களில் கிட் போய்ப் பேட் வந்தது இதனால்தான். பேட் வாசிப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற டிரம்மர் பாதி ஷோக்களைத் தானே விட்டுக்கொடுக்கிறார் என்பது என் கருத்து.

அப்புறம் காலண்டர். தை பிறந்தால் முகூர்த்தம். ஆவணியிலும் ஐப்பசியிலும் மறுபடி. ஆடியில் கல்யாணம் கிடையாது, அம்மன் கோயில் திருவிழாக் கச்சேரி உண்டு. புரட்டாசி பல வீடுகளில் வெறும் மாதம். மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆனால் கிறிஸ்துமஸும் புத்தாண்டு இரவும் அதற்குள் வந்துவிடுகின்றன. ஆக வருமானம் அலை அலையாக வரும். வாடகை மட்டும் மாதாமாதம் 5ஆம் தேதி வரும்.

இனி இசையமைப்பு. தாளத்திலிருந்து மெட்டுக்குப் போனவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். கஞ்சிரா வித்வான் செல்வகணேஷ் 'வெண்ணிலா கபடிக்குழு' (2009) படத்துக்கு இசையமைத்தார். தர்புகா சிவா 'கிடாரி' (2016) மூலம் வந்தார். சிவமணி பல பத்தாண்டுகள் மற்றவர்களுக்கு வாசித்தபிறகு 2014ல் 'அரிமா நம்பி'க்கு இசையமைத்தார். மூவருமே இசையமைப்பாளர் ஆவதற்கு முன்பே வாசிப்பில் பெயர் பெற்றிருந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள்.

டிரம்மருக்கு இந்த வழியில் ஒரு பலமும் ஒரு பலவீனமும் இருக்கின்றன. பலம், பாட்டின் கட்டமைப்பு உடம்பிலேயே இருப்பது. எங்கே ஏற்ற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பலவீனம், டைரக்டர் கேட்பது டியூன். "ஒரு லவ் மெலடி போட்டுக் காட்டுங்க" என்பார். இரு கையையும் மாற்றி மாற்றி அடிக்கும் பாரடிடில் பயிற்சியை எத்தனை வேகத்தில் வாசித்தும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கீபோர்டு ஒழுங்காகக் கற்க, கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) பழக, கேட்ட ராகத்தைக் கையில் பிடிக்க இரண்டு மூன்று வருடமாவது ஆகும். அதுவரை குறும்படம், விளம்பரம், யூடியூப் தொடர், நாட்டிய நிகழ்ச்சி. கடைசியில் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. சென்னையில் நாட்டியப் பள்ளிகளுக்குக் குறைவில்லை. புதுமாதிரி நிகழ்ச்சி செய்கிறவர்களுக்குத் தாளத்தை மையமாக வைத்த இசை தேவைப்படுகிறது. டிரம்மருக்கு அது சொந்த நிலம்.

காசு விஷயத்தில் இசையமைப்பாளருக்கு ஓர் அனுகூலம் உண்டு, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டிரம்மர் ஸ்டுடியோவுக்குப் போய் அருமையான ஒரு ரிதத்தைத் தன் தலையிலிருந்தே எடுத்து வாசித்தாலும், நடைமுறையில் அன்றைய கூலியோடு கணக்கு முடிந்துவிடும். அந்தப் பாட்டு பத்து வருடம் ஓடினாலும் படத்தில் போடும் பெயர் இசையமைப்பாளருடையது. 2012ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது மெட்டமைத்தவருக்கும் பாட்டெழுதியவருக்கும் ராயல்டி உரிமை உறுதியானது. அதை வசூலித்துக் கொடுக்க ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. உறுப்பினராகச் சேர்ந்து, செய்த வேலைகளைப் பதிவு செய்து வைத்தால் சிறு தொகையாவது பின்னால் வரும். அதே சட்டம் வாசிப்பவர்களுக்கும் சில உரிமைகளைச் சொல்கிறது. கைக்கு வருவது வேறு கதை.

ஆனால் முதல் சில வருடங்கள் இசையமைப்பு சோறு போடாது. மடிக்கணினி, ஆடியோ இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர், மென்பொருள் என்று செலவு முதலில், வரவு கடைசியில். குறும்படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் நண்பர்கள்; நண்பர்கள் என்பதாலேயே காசு கேட்க முடியாது. திருத்தம் எப்போதும் இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும்.

சொல்லிக்கொடுப்பதைப் பற்றி நிறையப் பேச வேண்டும். ஏனென்றால் இதை எல்லோரும் கடைசிப் புகலிடமாக நினைக்கிறார்கள். சென்னையில் டிரம்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை. டிரினிட்டி, ராக்ஸ்கூல் என்று லண்டன் பரீட்சைகள் 8ஆம் கிரேடு வரை இருக்கின்றன. 1842ல் தொடங்கிய, அண்ணா சாலையில் இருக்கிற இசைக்கருவிக் கடையான மியூசி மியூசிக்கல் வாசலில் பரீட்சை நாளன்று போய் நின்றால் அப்பா அம்மாக்களின் பதற்றமே தனி ரகம். கோடம்பாக்கத்தில் 2008ல் ரகுமான் தொடங்கிய கேஎம் இசைக் கல்லூரி வந்தபிறகு, இசையை முழுநேரப் படிப்பாக எடுப்பது பைத்தியக்காரத்தனம் இல்லை என்று சில வீடுகளாவது ஒத்துக்கொண்டன.

கிரேடு பரீட்சையை நான் முழுவதுமாக எதிர்ப்பவன் அல்ல. பிள்ளைக்கு ஓர் இலக்கு கிடைக்கிறது, வாத்தியாருக்கு ஒரு பாடத்திட்டம் கிடைக்கிறது, பெற்றோருக்குச் சட்டம் போட்டு மாட்ட ஒரு சான்றிதழ் கிடைக்கிறது. ஆனால் வருடம் முழுக்க அதே மூன்று பாட்டைத் தேய்த்து 5ஆம் கிரேடு முடித்த பிள்ளையிடம், "சும்மா ஒரு பாட்டுக்கு வாசி" என்றால் கை நின்றுவிடும். வேகம் காட்டும் மெட்ரோனோம் கிளிக்கை நிறுத்திவிட்டு, கூட ஒரு கிடாரைச் சேர்த்து வாசிக்க வைக்கிற வாத்தியாரிடம் பிள்ளைகள் நிற்பார்கள். சென்னையில் இன்னொரு வசதி, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல். ஒரு தட்டை நான்காகப் பிரிக்கும் பதினாறாம் சுரங்களை எண்ணிக் காட்டித் திணறுவதைவிட "தகதிமி" என்று சொல்ல வைத்துப் பாருங்கள். மூன்று மூன்றாக விழவேண்டிய இடத்தில் "தகிட". பக்கத்து வீட்டில் மிருதங்கச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது ஐந்து நிமிட வேலை. வெளிநாட்டு டிரம்மர்கள் தேடிவந்து கற்கும் விஷயம் நமக்கு வாசலிலேயே கிடைக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். தலைக்கு மாதம் 2,500 ரூபாய், 20 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50,000. வாரம் ஒருவருக்கு ஒரு மணிநேரம் என்றால் 20 மணிநேரம்தான் வேலை. கேட்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் பள்ளி விட்டு வருவது 5 மணிக்கு. இரவு 8 மணிக்கு மேல் வாசித்தால் கீழ்வீட்டிலிருந்து ஃபோன் வரும். ஒரு நாளைக்கு மூன்று மணிநேரம், ஐந்து நாளில் 15. மீதி ஐந்தும் சனி, ஞாயிறு. அதாவது வாரத்தின் எல்லா மாலையும் போய்விட்டது. ஷோ நடப்பதும் அதே மாலையில்தான், அதே சனி ஞாயிறில்தான்!

வாசிப்பும் வீட்டு வகுப்பும் ஒன்றையொன்று தாங்கும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கடிகாரத்தில் இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன. ஒரு முகூர்த்த சீசனில் நாலு வகுப்பைத் தள்ளிவைத்தால் ஐந்தாவது முறை அந்த அம்மா வேறு வாத்தியாரைப் பார்த்திருப்பார். ஷோவை மறுத்தால் அடுத்த முறை குழுத்தலைவர் கூப்பிட மாட்டார்.

கீழ்வீட்டைப் பற்றிச் சொன்னேன். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது ஒலி மாசு விதி. டிரம்ஸ் கிட் அலட்டிக்கொள்ளாமல் 100ஐத் தொடும். எலெக்ட்ரானிக் கிட் வாங்கி ஹெட்ஃபோன் மாட்டினால் தீர்ந்தது என்று நினைப்பார்கள். தீராது. சிம்பல் சத்தம் போய்விடும். பாஸ் பெடலின் உதை தரை வழியாக இறங்கிக் கீழ்வீட்டு ஃபேன் கொக்கி வரை போகும். வேளச்சேரி அடுக்குமாடியில் இரண்டாவது மாடி என்றால் வகுப்பை மறந்துவிடுங்கள். தனி வீட்டின் தரைத்தளம் அல்லது கடைத்தெருவில் ஓர் அறை, இரண்டில் ஒன்று வேண்டும். அறை வாடகையை அந்த 50,000லிருந்து கழித்துவிட்டுப் பேசுங்கள்.

காதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 85 டெசிபலை எட்டு மணிநேரம் தாங்கும் காது, 100 டெசிபலைத் தாங்குவது 15 நிமிடம்தான் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார அமைப்பான நியோஷின் அளவுகோல். மேடையில் வாசிப்பவரை விட, பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிள்ளைகள் கிராஷ் சிம்பலை ஓங்கி அடிப்பதைக் கேட்கும் வாத்தியாருக்குத்தான் ஆபத்து அதிகம் என்று நினைக்கிறேன். காதடைப்பான் வாங்குங்கள். பிள்ளைகளுக்கும் கொடுங்கள்.

மூன்றையும் ஒரே ஆள் செய்ய முடியாதா? முடிந்திருக்கிறது. மிருதங்க வித்வான் திருச்சி சங்கரன் 1971ல் டொரொன்டோ யார்க் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார். பாடம் நடத்தினார், கச்சேரி செய்தார், கேமலான் என்ற இந்தோனேசிய வாத்தியக் குழுவுக்குக்கூட இசை எழுதினார், 2011ல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது. அவருக்குப் பல்கலைக்கழகம் மாதச் சம்பளம் கொடுத்தது என்பதை மறக்கக்கூடாது. கட வித்வான் விக்கு விநாயக்ராம் வீட்டில் வேறு வழி: அப்பா ஹரிஹர சர்மா 1958ல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீ ஜெய கணேஷ் தாளவாத்திய வித்யாலயாவில் குடும்பமே சொல்லிக்கொடுக்கிறது. ஒருவர் ஊரூராகப் போனாலும் பாடம் சொல்ல இன்னொருவர் இருந்தார். தனியாளாக வீட்டு வகுப்பு நடத்துபவருக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை.

அதனால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லமாட்டேன். இரண்டு இரண்டாகச் சேர்த்துப் பாருங்கள், மோதாத ஜோடியை எடுங்கள்.

வீட்டு வகுப்பும் இசையமைப்பும் நன்றாகப் பொருந்தும். காலை 7 மணியிலிருந்து பிற்பகல் 4 வரை உங்களுடையது. தனி வீடும் பொறுமையும் உள்ளவருக்கு இது. குறை ஒன்று உண்டு: மாலையில் வெளியே போகாதவரை ஊர் மறந்துவிடும், இசையமைக்கும் வாய்ப்பெல்லாம் பழக்கத்தில்தான் வருகிறது. மாதம் ஓர் ஞாயிறு வகுப்பு இல்லை என்று பீஸ் வாங்கும்போதே சொல்லிவிட்டு, அன்றைக்கு யாருடனாவது போய் வாசியுங்கள்.

ஷோவும் இசையமைப்பும் சேர்ந்தால் இரண்டும் நிலையில்லாத வருமானம். வீட்டில் இன்னொருவர் சம்பளம் வாங்கினால் மட்டும் யோசிக்கலாம். சொந்தப் பாடல் குழுவாக இறங்குவதும் இந்த வகைதான். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு பறை, சட்டி மேளம், டிரம்ஸ், கிடாரை ஒன்றாக்கி இந்த ஊருக்கு ஒரு புதுச் சத்தத்தைக் கொடுத்தது. அந்த அளவுக்குச் சொல்ல உங்களிடம் ஏதாவது இருந்தால் என் கணக்கையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

மற்ற எல்லோருக்கும், முக்கியமாக வீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டிய பொறுப்பில் இருப்பவர்களுக்கு, நான் சொல்வது பள்ளிக்கூட வேலையும் மாலை ஷோவும். ஓஎம்ஆர், ஈசிஆர் பக்கம் பல பள்ளிகள் மேற்கத்திய இசைக்கு ஆள் எடுக்கின்றன. வாரம் மூன்று நாள் போதும் என்கிற பள்ளியும் உண்டு. வீட்டு வகுப்பின் சுதந்திரம் இருக்காது, ஒரே வகுப்பில் முப்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்க வேண்டும், டீச்சர்ஸ் ரூமில் உங்களை விளையாட்டு வாத்தியாருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். ஆனால் மூன்றரை மணிக்கு மணியடித்தால் மாலை முழுதும் உங்களுடையது. கிட்டும் அவர்களுடையது, கீழ்வீடும் இல்லை.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு ஏப்ரல், மே மாதத்திலேயே ஆள் பார்ப்பார்கள். நேர்முகத்தில் சம்பளம் பேசுவதோடு இன்னும் மூன்றைக் கேளுங்கள். மே மாதத்துக்குச் சம்பளம் உண்டா? டிரம்ஸ் அறை நூலகத்துக்குப் பக்கத்திலா? ஆண்டுவிழா எந்த மாதம்? டிசம்பர் கடைசி வாரம் என்று சொன்னால், புத்தாண்டு ஷோவுக்கு முன்பணம் வாங்குவதற்கு முன்னாலேயே அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.